ஸயான் வில்லியம்சனை வச்சுக்கலாமா, வித்துரலாமா?

2024 ஏப்ரல் 16. அமெரிக்க பாஸ்கெட்பால் லீக் என்பிஏல, நியூ ஆர்லியன்ஸ் பெலிக்கன்ஸுக்கு சொந்த ஊர்லயே லேக்கர்ஸ் கூட பிளே-இன், அதாவது பிளேஆஃப் உள்ள போறதுக்கான மேட்ச். எதிர்ல லெப்ரான், அந்தோனி டேவிஸ் ரெண்டு பேரும் நிக்கிறாங்க, ஆனா அன்னிக்கு பெலிக்கன்ஸ் ஸ்டார் ஸயான் வில்லியம்சனை யாராலயும் தடுக்க முடியல. 40 பாயின்ட், 11 ரீபவுண்ட். பின்னாடி இருந்த டீமை ஒத்தை ஆளா இழுத்துட்டு வந்து 95-95ன்னு சமன் பண்றான், மூணு நிமிஷம் சொச்சம்தான் பாக்கி, அடுத்து பார்த்தா இடது தொடையைப் பிடிச்சுக்கிட்டு நேரா உள்ள போயிட்டான். ஹாம்ஸ்ட்ரிங், தொடையோட பின்பக்கத் தசை. மேட்ச் 110-106ன்னு லேக்கர்ஸுக்குப் போச்சு. பெலிக்கன்ஸ் அடுத்த மேட்ச்ல சாக்ரமென்ட்டோவை ஜெயிச்சு எப்படியோ பிளேஆஃப் உள்ள போய் ஓக்லஹோமா கிட்ட 4-0ன்னு வாங்கிக் கட்டிக்கிட்டு வந்தாங்க, அந்த நாலு மேட்ச்லயும் ஸயான் கிடையாது.

2019 டிராஃப்ட்ல முதல் பிக்கா வந்தவன். டிராஃப்ட்னா புதுப் பசங்களை டீம்கள் வரிசையா தேர்ந்தெடுக்குறது, அந்த வாய்ப்புதான் பிக், தோத்த டீமுக்கு முன்னாடி பிக் கிடைக்கும், டீம்கள் அதைக் கை மாத்திக்கவும் செய்யலாம். அதுக்கப்புறம் 6 சீசன் முடிஞ்சப்போ அவன் ஆடின பிளேஆஃப் மேட்ச் எத்தனைன்னு கேட்டா, பூஜ்யம். ரெகுலர் சீசன் கணக்கு: 24, 61, 0, 29, 70, 30. கூட்டினா 214. அந்த ஆறு வருஷத்துல டீம் ஆடினது 472 மேட்ச், அதாவது பாதி கூட தேறல. 2024-25ல டீம் 21 ஜெயிச்சு 61 தோத்துச்சு, டீமைக் கட்டுற பொறுப்புல இருந்த டேவிட் க்ரிஃபினை அனுப்பிட்டு ஜோ டுமார்ஸைக் கொண்டு வந்தாங்க, திரும்ப அடியில இருந்து கட்டணும்னு எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. அப்போ வந்த முதல் கேள்வியே இதுதான், இவனை என்ன பண்றது? டுமார்ஸ் வச்சுக்கிட்டாரு. நிறைய பேர் அதைத் திட்டினாங்க, இப்பவும் திட்டுறாங்க. எனக்கு அந்த முடிவுல தப்பு தெரியல. தப்பு வேற இடத்துல இருக்கு, அதைத்தான் சொல்ல வர்றேன், கொஞ்சம் சுத்தித்தான் வரணும்.

முதல்ல ஆளு எவ்வளவு பெறுவான்னு பார்த்துரலாம், ஏன்னா காயத்தைப் பத்தி பேசிப் பேசி இது மறந்தே போகுது. 2020 ஜனவரில முழங்கால் ஆபரேஷன் முடிஞ்சு ஸ்பர்ஸ் கூட முதல் மேட்ச், 18 நிமிஷம்தான் ஆட விட்டாங்க, அதுல நாலாவது குவார்ட்டர்ல டீமோட 17 பாயின்டை வரிசையா இவன் ஒருத்தனே போட்டான், தூரத்துல இருந்து போடுற மூணு பாயின்ட் ஷாட், அதான் த்ரீ, நாலு போட்டு நாலும் உள்ள. அடுத்த சீசன் சராசரி 27 பாயின்ட், ஷூட்டிங் 61 சதவீதம். இந்த ரெண்டு நம்பரும் சேர்ந்து வர்றது எவ்வளவு அபூர்வம்னா, பொதுவா 61 சதவீதம் போடுறவன் கூடை பக்கத்துலயே நின்னு யாராவது கொடுக்குற பந்தை திணிக்கிற சென்டரா இருப்பான், இவன் பந்தை மேல இருந்து தானே தட்டிக்கிட்டு வந்து மூணு பேரு நடுவுல புகுந்து போடுறான். 6 அடி 6 அங்குலம், 284 பவுண்டு, நம்ம கணக்குல 129 கிலோ கிட்ட. உருவம் லாரி, வேகம் பைக். 2022-23ல டிசம்பர் நடுவுல டீம் 18 ஜெயிச்சு 8 தோத்து வெஸ்ட் பிரிவுல முதல் இடத்துல இருந்துச்சு, ஜனவரி 2ம் தேதி வலது ஹாம்ஸ்ட்ரிங் போச்சு, அதுக்கப்புறம் அவன் அந்த சீசன்ல ஆடவே இல்ல, டீம் 42-40ல முடிஞ்சுது. 2023-24ல 70 மேட்ச் ஆடினான், டீம் 49 ஜெயிச்சுது. இவன் உடம்பு சரியா இருந்தா டீம் எங்க வரைக்கும் போகும்னு அந்த ரெண்டு சீசனே காட்டுது.

சரி, காயம். "இஞ்சுரி ப்ரோன்", அதாவது அடிக்கடி காயம் படுறவன்னு ஒரே முத்திரையைக் குத்திட்டு எல்லாரையும் ஒரே கூடையில போடுறோம்ல, அங்கதான் கணக்கு தப்புது. எந்த மாதிரி காயம், அது ஒரே இடத்துல திரும்பத் திரும்ப வருதா, காரணம் கண்டுபிடிச்சாச்சா, இதெல்லாம் பார்க்காம வச்சுக்கோ வித்துருன்னு சொல்றதுல அர்த்தமே இல்ல.

இதுக்கு எல்லாரும் எடுத்துக்காட்டுறது ஸ்டெஃப் கரியைத்தான். 2011-12 சீசன், ஓனர்களுக்கும் வீரர்களுக்கும் நடந்த தகராறுல (லாக்அவுட்) சீசன் சுருங்கி 66 மேட்ச்தான், அதுல கரி ஆடினது 26. வலது கணுக்கால்ல 2011லயும் 2012லயும் ஆபரேஷன். அந்த நேரத்துல கரி ஆடின கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ்ல ஊருக்கே செல்லம் மான்ட்டா எல்லிஸ், கரியும் எல்லிஸும் ரெண்டு பேருமே சின்ன உருவம், சேர்ந்து ஆட முடியாது, ஒருத்தரை அனுப்பணும். 2012 மார்ச்ல அவங்க நல்லா ஓடிக்கிட்டிருந்த எல்லிஸை மில்வாக்கிக்கு அனுப்பிட்டு நொண்டிக்கிட்டிருந்த பையனை வச்சுக்கிட்டாங்க, அதுவும் எல்லிஸுக்குப் பதிலா வந்த ஆண்ட்ரூ போகட்டும் கணுக்கால் உடைஞ்சு படுத்திருந்தவர்! அடுத்த வாரமே பழைய ஸ்டார் கிறிஸ் மல்லின் ஜெர்சியை மரியாதைக்காக அரங்கத்துல ஏத்துற விழாவுல ஓனர் ஜோ லேகப் மைக்கைப் பிடிச்சா அரங்கமே ஊளையிட்டுச்சு, பேசவே விடல. அந்த வருஷம் அக்டோபர்ல கரிக்கு 4 வருஷம் 4.4 கோடி டாலர்னு கான்ட்ராக்ட். அன்னிக்கு அது ரிஸ்க்குன்னு சொன்னாங்க, பின்னாடி என்பிஏ வரலாற்றுலயே மலிவான கான்ட்ராக்ட்ல ஒண்ணாப் போச்சு, அந்த மலிவுதான் 2016ல கெவின் டுரான்ட் வர்றதுக்கே சம்பள உச்சவரம்புக்குள்ள இடம் கொடுத்துச்சு.

ஆனா கரி கதையை வச்சு "பாரு, பொறுமையா இருந்தா எல்லாம் சரியாகும்"னு சொல்றவங்க ரெண்டு விஷயத்தை விட்டுர்றாங்க. ஒண்ணு, கரிக்கு போனது ஒரே கணுக்கால். கீக் லைல்ஸ்னு ஒரு டிரெய்னர் வந்து, நீ திரும்புறப்போ எல்லா பாரத்தையும் கணுக்கால்ல போடுற, இடுப்புல வாங்குன்னு சொல்லி டெட்லிஃப்ட் எல்லாம் போட வச்சு உடம்பு அசையுற விதத்தையே மாத்தினாரு. பிரச்சனை எங்கன்னு தெரிஞ்சுது, அதுக்கு வழியும் இருந்துச்சு. ரெண்டாவது விஷயத்துக்கு அப்புறம் வர்றேன், அதுதான் முக்கியம்.

இன்னொரு பக்கம் போர்ட்லேண்ட். 2007ல டுரான்ட்டை விட்டுட்டு க்ரெக் ஓடனை முதல் பிக்கா எடுத்தாங்க, சீசன் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே முழங்கால்ல குருத்தெலும்பு சேதத்துக்குப் பண்ற மைக்ரோஃப்ராக்சர் ஆபரேஷன். மொத்தமா அந்த டீமுக்கு அவன் ஆடினது 82 மேட்ச், ஒரு சீசன் கணக்கு. 2012 மார்ச்ல விட்டுட்டாங்க. அதே டீம்ல ப்ராண்டன் ராய், அவனுக்கு ரெண்டு முழங்கால்லயும் குருத்தெலும்பு தேஞ்சுபோய் 27 வயசுலயே 2011ல ரிட்டயர்மென்ட் அறிவிக்க வேண்டியதாப் போச்சு. குருத்தெலும்பு போனா எந்த டிரெய்னராலயும் திருப்பிக் கொண்டு வர முடியாது, போனது போனதுதான்.

ஸயான் இந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு சங்கடமான இடத்துல இருக்கான். 2019 அக்டோபர்ல வலது முழங்கால் மெனிஸ்கஸ், மூட்டு நடுவுல இருக்குற மெத்தை, கிழிஞ்சுது. 2021 கோடைல வலது பாதத்துல அஞ்சாவது எலும்பு முறிவு, அது சேராம இழுத்தடிச்சு 2021-22 முழு சீசனும் போச்சு. 2023ல வலது ஹாம்ஸ்ட்ரிங், 2024ல இடது ஹாம்ஸ்ட்ரிங், அதே வருஷம் நவம்பர்ல திரும்ப இடது, சீசன் கடைசில முதுகு. ஒரு இடம்னு சொல்ல முடியாது. இது நல்ல செய்தியா கெட்ட செய்தியான்னா, ரெண்டும்தான். ஓடன் மாதிரி தேஞ்சுபோன மூட்டு இல்ல, ஒவ்வொண்ணும் ஆறிடுச்சு, ஆறினதுக்கப்புறம் வேகமும் குறையல, 2024-25ல ஆடின அந்த 30 மேட்ச்லயும் 24 பாயின்டுக்கு மேலதான் சராசரி. ஆனா கரி மாதிரி இங்க திருகினா சரியாகும்னு ஒரு ஸ்க்ரூவும் கிடையாது. அவ்வளவு எடையோட அவ்வளவு உயரம் குதிச்சு இறங்குற உடம்பு, பாரம் எங்கயாவது போய்த்தான் ஆகணும். ஹாம்ஸ்ட்ரிங்ல இன்னொரு தொல்லை, ஒரு தடவை கிழிஞ்சவனுக்கு திரும்பக் கிழியுற வாய்ப்பு மத்தவங்களை விட அதிகம், இது விளையாட்டு மருத்துவத்துல எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம். அதனால இவன் இனிமே வருஷம் 75 மேட்ச் ஆடுவான்னு நம்பி யாரும் திட்டம் போடக்கூடாது. 45 முதல் 55ன்னு வச்சுக்கிட்டா நியாயமா இருக்கும், இது என் ஊகம்தான்.

இப்போ கான்ட்ராக்ட். இதைப் பார்க்காமலே பாதி பேர் விவாதம் பண்றாங்க. 2022 ஜூலைல போட்ட 5 வருஷ எக்ஸ்டென்ஷன், மொத்தம் 19.7 கோடி டாலர், 2027-28 வரைக்கும். கேக்க பயங்கரமா இருக்கும். ஆனா உள்ள இருக்குற ஷரத்துகள்தான் விஷயம். அவன் ஏற்கனவே நிறைய மேட்ச் விட்டதால கடைசி மூணு வருஷத்தோட கேரண்டி, அதாவது என்ன ஆனாலும் சம்பளம் உண்டுங்கிற உறுதி, கழண்டுபோச்சு, அதைத் திரும்ப அவன் சம்பாதிக்கணும். வெளிய வந்த செய்திகள்படி சீசன் நடுவுல எடை பார்ப்பாங்க, எடையும் உடம்புக் கொழுப்பு சதவீதமும் கூட்டினா 295க்குள்ள இருக்கணும், அதுக்கு ஒரு பங்கு. மிச்சப் பங்குகள் 41 மேட்ச், 51 மேட்ச், 61 மேட்ச்னு தாண்டத் தாண்ட வரும். நம்ம ஊர் ஆபீஸ்ல கூட இவ்வளவு கண்டிஷன் போட்டு அட்டெண்டன்ஸ் பார்க்க மாட்டாங்க. ஃபிலடெல்ஃபியாவும் 2017ல ஜோயல் எம்பீடுக்கு இப்படி காயத்துக்கு பாதுகாப்பு வச்சுத்தான் 5 வருஷம் கையெழுத்து போட்டாங்க, அந்த கான்ட்ராக்ட் டீமுக்கு லாபமாவே முடிஞ்சுது. அவங்க மாட்டினது 2024 செப்டம்பர்ல, 30 வயசு எம்பீடுக்கு இன்னும் 3 வருஷம் 19 கோடி சொச்சம்னு நீட்டினப்போ. அந்த சீசன் அவர் ஆடினது 19 மேட்ச்.

அதாவது பெலிக்கன்ஸ் கையில இருக்குறது சாதாரண பெரிய சம்பளம் இல்ல, டீம் பக்கம் சாய்ஞ்ச கான்ட்ராக்ட். அவன் ஆடினா ஸ்டார் கிடைக்கிறான், ஆடலன்னா வெளிய வர வழி இருக்கு. இப்படி ஒரு நிலைமையில அவசரப்பட்டு விக்கிறதுக்கு என்ன காரணம் இருக்குன்னு எனக்குப் புரியல. அதுவும் 2025 கோடைல, 30 மேட்ச் சீசன் முடிஞ்ச கையோட, 2025 ஜனவரில டீம் ரூல் மீறினதுக்கு ஒரு மேட்ச் சஸ்பெண்டும் ஆனதுக்கப்புறம், அவனோட மார்க்கெட் விலை அதலபாதாளத்துல இருக்குறப்போ! அந்த நேரத்துல விக்கிறவனுக்கு என்ன கிடைக்கும்? சீக்கிரம் முடியுற கான்ட்ராக்ட்ல இருக்குற ஆளுங்க ரெண்டு பேர், பேருக்கு ஒரு பிக்.

நியூயார்க் பண்ணதைப் பாருங்க. 2018 பிப்ரவரில அவங்க ஸ்டார் போர்ஸிங்கிஸுக்கு முழங்கால்ல ஏசிஎல் தசைநார் போச்சு, 2019 ஜனவரி கடைசில, அவன் திரும்பி வர்றதுக்கு முன்னாடியே, டல்லாஸுக்கு அனுப்பிட்டாங்க, அந்த இடத்துல டுரான்ட்டும் இன்னொரு ஸ்டார் கைரி இர்விங்கும் வருவாங்கன்னு கனவு. ரெண்டு பேரும் புரூக்ளின் போயிட்டாங்க. நியூயார்க்ல அப்படியாவது கனவு காணலாம், பெரிய ஊரு. நியூ ஆர்லியன்ஸுக்கு எந்த ஃப்ரீ ஏஜென்ட் ஸ்டார், அதாவது கான்ட்ராக்ட் முடிஞ்சு எங்க வேணா போகலாம்னு இருக்குறவன், தானா வந்திருக்கான்? வந்தவங்களும் நிக்கல, 2011ல கிறிஸ் பால் போனாரு, 2019ல டேவிஸ் கேட்டு வாங்கிட்டுப் போனாரு. சின்ன ஊர் டீமுக்கு ஸ்டார் கிடைக்கிற ஒரே வழி டிராஃப்ட், அதுல கிடைச்சவனை மட்டமான விலைக்கு விட்டா அடுத்தவன் எப்போ வருவான்னு சொல்ல முடியாது.

இதுல டுமார்ஸுக்கு ஒரு பழைய கணக்கும் இருக்கு. 2000ல அவர் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் பொறுப்பை எடுத்தப்போ முதல் தலைவலியே கிராண்ட் ஹில்தான். அந்த பிளேஆஃப்ல ஹில்லோட கணுக்கால் உடைஞ்சிருந்துச்சு, அவர் ஒர்லாண்டோ போறேன்னு முடிவு பண்ணிட்டாரு, டுமார்ஸ் சும்மா விடாம அதை சைன் அண்ட் டிரேடா, அதாவது தங்ககிட்ட கையெழுத்து போட வச்சு ஆள் மாத்திக்கிற பேரமா மாத்தி பென் வாலஸையும் சக்கி அட்கின்ஸையும் வாங்கினாரு. ஹில் ஒர்லாண்டோல முதல் மூணு சீசன்ல ஆடினது 4, 14, 29 மேட்ச், நாலாவது சீசன் சுத்தமா இல்ல. டிராஃப்ட்லயே யாரும் எடுக்காத பென் வாலஸ் நாலு தடவை சிறந்த டிஃபென்டர் விருது வாங்கி, 2004ல டெட்ராய்ட் சாம்பியன். இதைக் காட்டி, விக்கிறதுதான் சரின்னு வாதாடலாம். ஆனா ஹில்லை டுமார்ஸ் விக்கல, ஹில் போனாரு. அதுவும் அன்னிக்கு ஹில்லோட மதிப்பு உச்சத்துல இருந்துச்சு, ஒர்லாண்டோ 9 கோடி டாலருக்கு மேல கொடுத்து 7 வருஷத்துக்கு எடுத்துச்சு. காயம் எவ்வளவு மோசம்னு மார்க்கெட்டுக்குத் தெரியாதப்போ கை மாறின ஆளு அவர். ஸயான் விஷயம் உலகத்துக்கே தெரியும்.

இப்போ நான் பாக்கி வச்ச ரெண்டாவது விஷயம். 2012ல வாரியர்ஸ் கரியை வச்சுக்கிட்டதோட நிறுத்தல, தங்களோட பிக்கையும் காப்பாத்திக்கிட்டாங்க. அந்த வருஷ பிக் முன்னாடி போட்ட பேரத்துல யூட்டா டீமுக்குப் போக வேண்டியது, முதல் ஏழுக்குள்ள வந்தா மட்டும் தங்கும்னு பாதுகாப்பு இருந்துச்சு. கரி படுத்திருக்கான், எல்லிஸ் போயிட்டான், போகட் ஆட மாட்டாரு, டீம் ஜம்முன்னு தோத்து சரியா ஏழாவது பிக்ல வந்து நின்னுச்சு, ஹாரிசன் பார்ன்ஸ் வந்தான், அதே டிராஃப்ட்ல 35வதா ட்ரேமண்ட் கிரீன். ஸ்டார் படுத்திருந்த வருஷமும் வீணாகல, தோல்விக்கு சம்பளம் கிடைச்சுது. அடுத்த சீசன் கரி 78 மேட்ச் ஆடி 272 த்ரீ போட்டப்போ பக்கத்துல ஆள் இருந்தாங்க.

நியூ ஆர்லியன்ஸ் என்ன பண்ணுச்சு? 2024 ஜூலைல, ஸயான் 70 மேட்ச் ஆடின சந்தோஷத்துல, டெஜான்ட்டே முர்ரேக்காக டைசன் டேனியல்ஸையும் ரெண்டு முதல் ரவுண்டு பிக்கையும் அட்லாண்டாவுக்குக் கொடுத்தாங்க. முர்ரே முதல் மேட்ச்லயே கையை உடைச்சுக்கிட்டு, திரும்பி வந்து ஜனவரி கடைசில அக்கிலிஸ், குதிகால் தசைநார், போய் விழுந்தாரு. டேனியல்ஸ் அட்லாண்டால அந்த சீசனோட மிகவும் முன்னேறின வீரர் விருதை வாங்கினான். இது க்ரிஃபின் காலம். சரி, புது ஆள் வந்துட்டாருன்னு பார்த்தா, 2025 ஜூன் டிராஃப்ட் அன்னிக்கு 13வது பிக்ல டெரிக் க்வீனை எடுக்குறதுக்காக, 23வது பிக்கோட 2026 முதல் ரவுண்டு பிக்கையும் அட்லாண்டாவுக்கே தூக்கிக் கொடுத்தாங்க, நியூ ஆர்லியன்ஸ் பிக், மில்வாக்கி பிக் ரெண்டுல எது நல்லதோ அது, எந்தப் பாதுகாப்பும் இல்லாம. அந்த 23வது பிக்கும் எப்படி வந்துச்சுன்னா, இந்தியானாவோட 2026 பிக் இவங்க கையில இருந்துச்சு, அதை இந்தியானாவுக்கே திருப்பிக் கொடுத்து வாங்கினது. சில நாள்ல ஃபைனல்ஸ் ஏழாவது மேட்ச்ல இந்தியானா ஸ்டார் ஹாலிபர்ட்டனுக்கு அக்கிலிஸ் போச்சு, திருப்பிக் கொடுத்த அந்த இந்தியானா பிக்கோட மதிப்பு எகிறிடுச்சு. அட்லாண்டால பெலிக்கன்ஸ் ஆபீஸுக்கு ஒரு கோயிலே கட்டலாம்.

க்வீன் நல்ல பிளேயர்தான், அதை நான் மறுக்கல. ஆனா 21 ஜெயிச்ச டீம், ஸ்டார் பாதி சீசன் ஆடினாலே பெருசு, இந்த நிலைமையில சொந்த பிக்கைப் பாதுகாப்பு இல்லாம கொடுக்குறவன் ஸயான் 65 மேட்ச் ஆடுவான்னு பந்தயம் கட்டுறான்னுதான் அர்த்தம், வாயால சொல்லாட்டியும். 2025-26ஐ 2-10ன்னு ஆரம்பிச்சு நவம்பர்ல கோச் வில்லி கிரீனையும் அனுப்பினாங்க, அந்த நேரத்துக்குள்ள ஸயானுக்கு திரும்ப ஹாம்ஸ்ட்ரிங். தோத்தாலும் பிக் இல்ல, ஜெயிக்கவும் ஆள் இல்ல. காயம் வர்ற ஸ்டாரை வச்சிருக்குற டீமுக்கு சொந்த பிக்தான் இன்சூரன்ஸ், அவன் விழுந்தா அது மேல போகும். வாரியர்ஸ் கிட்ட அது இருந்துச்சு, இவங்க அதைத் தனியா வித்துட்டாங்க. அப்புறம் ஸயானைக் குறை சொல்லி என்ன பிரயோஜனம்?

வயசு விஷயத்தையும் சொல்லணும். ஸயான் 2000 ஜூலைல பிறந்தவன். 2025ல பெலிக்கன்ஸுக்கு ஏழாவது பிக்கா வந்த ஜெரமையா ஃபியர்ஸுக்கு அப்போ 18 வயசு, க்வீனுக்கு 20. ஃபியர்ஸ் 24 வயசுல முழு ஆட்டக்காரனா நிக்கிறப்போ ஸயானுக்கு 30 தாண்டிடும், இந்த உடம்போட. டீம்ல இன்னொரு முக்கிய ஆளு ட்ரே மர்ஃபி ஸயான் வயசுதான். அதனால ஸயான் அடுத்த பெரிய டீமோட மையமா இருப்பான்னு நான் நினைக்கல. ஆனா பசங்க வளர்ற மூணு வருஷத்துல இவன் வருஷத்துக்கு 50 மேட்ச் ஆடினா, அந்த 50 மேட்ச்ல ரெண்டு டிஃபென்டரை இழுத்துட்டுப் போற ஒருத்தன் பக்கத்துல ஆடி மர்ஃபிக்கு திறந்த த்ரீ கிடைக்கும், ஃபியர்ஸ் பந்தைத் தூக்கிக்கிட்டு ஒவ்வொரு தடவையும் அடி வாங்க வேண்டியதில்ல. மிச்சம் 32 மேட்ச்ல அவங்களே சமாளிக்கக் கத்துக்கணும். இதுல ஒரு நஷ்டமும் உண்டு, மறைக்க வேண்டாம்: பாதி நாள் ஒரு டீம், பாதி நாள் இன்னொரு டீம்னு ஆடினா யார் யாரோட பொருந்துறாங்கன்னு தெரியவே தெரியாது. இன்னொரு ஸ்டார் ப்ராண்டன் இன்க்ரமையும் ஸயானையும் வச்சுக்கிட்டு 5 வருஷத்துக்கு மேல ஓட்டிட்டு, அவங்க ரெண்டு பேரும் சேர்ந்தா நல்ல டீமா இல்லையான்னே தெளிவா தெரியாம 2025 பிப்ரவரில இன்க்ரமை டொரண்டோவுக்கு அனுப்பினாங்க. க்வீனும் ஸயானும் சேர்ந்து நின்னா டிஃபென்ஸ் என்னாகும்னு ஒரு கேள்வி இருக்கு, ரெண்டு பேருமே கூடையைக் காக்குற ஆளுங்க இல்ல. அதுக்குப் பதில் தெரிய ரெண்டு பேரும் சேர்ந்து ஆடணும்ல.

அப்போ எப்போதான் விக்கிறது? அவன் தொடர்ந்து ஒரு 40, 45 மேட்ச் ஆடி, கேரண்டியும் ஒரு பங்கு ஏறி, வேற ஏதோ டீமுக்கு ஆசை வந்து, போன்ல அவங்களே கூப்பிடுறப்போ. வாங்குறவங்க லிஸ்டும் குறுகினதுதான். ரெண்டாவது ஏப்ரன்ங்கிற சம்பளக் கோட்டைத் தாண்டின டீம்கள் ரெண்டு மூணு பேர் சம்பளத்தைக் கூட்டி ஒரு பெரிய ஆளை வாங்க முடியாது, இவனுக்கு 2025-26ல 3.94 கோடி டாலர், அடுத்த வருஷம் 4.22 கோடி, பணக்கார டீம் நிறைய பேருக்கு ஆசை இருந்தாலும் கணக்கு இடிக்கும். அதனால வர்ற ஆஃபர்ல நான் பார்க்குறது ஒண்ணே ஒண்ணு, பாதுகாப்பு இல்லாத முதல் ரவுண்டு பிக் ஒண்ணாவது இருக்கா? அட்லாண்டாவுக்குத் தூக்கிக் கொடுத்த இடத்தை அடைக்கிற மாதிரி. இருந்தா அன்னிக்கே பேசலாம், நான் கண்ணீர் எல்லாம் விட மாட்டேன். வெறும் முடியுற கான்ட்ராக்ட்டும் ரெண்டாவது ரவுண்டு பிக்குகளும்னா போனை வச்சுரலாம், அதுக்கப்புறம் மோசமா ஏதாவது நடந்தாலும் அடுத்த கோடைல அந்த ஷரத்துகளைப் பிரிச்சுப் பார்த்து வெளிய வர்ற வழியே இதை விட மலிவா இருக்கும்.